மூன்று மணிக்குக் கேட்பவர்

ஜனவரி 9

அன்புள்ள அண்ணிக்கு,

நான் சௌக்கியமாக வந்து சேர்ந்தேன். நீங்களும் அண்ணனும் எப்படி இருக்கிறீர்கள்? அப்பாவின் இருமல் குறைந்ததா? டாக்டர் சொன்ன மாதிரி தலைப்பக்கம் உயர்த்தித்தான் படுக்கிறாரா, இல்லை நீங்கள் அந்தப் பக்கம் போனதும் தலையணையை உருவிக் கீழே போட்டுவிடுகிறாரா?

வீடு பெரியது. மொழிபெயர்ப்பாளர்கள் ஏழு பேர் இருக்கிறோம். ஏழு பேருக்கும் ஏழு மொழி, ஆனால் கையில் இருப்பது ஒரே நாவல். ரயில் ஓடாமல் போன பாதையில் தினமும் கேட்டை மூடித் திறக்கும் ஒரு பெண்ணின் கதை. எழுதிய அம்மையார் இறந்து பல வருஷமாகிறது, சந்தேகம் வந்தால் கேட்க ஆள் இல்லை. சாப்பாட்டு மேஜையில் ஒரே சொல்லுக்கு ஏழு பேரும் அடித்துக்கொள்கிறோம். பக்கத்து அறைக்காரர் வழுக்கைத்தலை மனிதர், காதில் விழும் எந்த மொழிச் சொல்லையும் அப்படியே திருப்பிச் சொல்வார், அர்த்தம் பிறகுதான் கேட்பார்.

ஜூன் கடைசியில் விழா. ஏழு பேரும் அவரவர் மொழியில் கடைசிப் பக்கத்தைப் படிக்க வேண்டும். புரியாத மொழியைக் கேட்பதற்கென்றே இந்த ஊர்க்காரர்கள் திரண்டு வருவார்களாம். ஒரு விதி மட்டும் கடுமை. பாதியில் கிளம்பினால் அறையும் புத்தகமும் வரிசையில் அடுத்து நிற்பவருக்குப் போய்விடும். பத்து வருஷமாக மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற தாள்களை மொழிபெயர்த்தவளுக்கு இது முதல் புத்தகம். அதனால் கல் மாதிரி உட்கார்ந்துவிடுவது என்று இருக்கிறேன்.

முதல் மூன்று அத்தியாயம் இதோடு வைத்திருக்கிறேன். வழக்கம்போல மூன்று மணிக்கு அப்பாவுக்குப் படித்துக் காட்டுங்கள். இத்தனை நாள் நான் செய்த வேலை, இனி உங்கள் தலையில். அவர் கட்டில் கம்பியில் ஒரு தட்டு தட்டினால் வரி இடிக்கிறது என்று அர்த்தம். இரண்டு தட்டினால் பிரித்துத் தைக்க வேண்டும். எங்கே தட்டினார் என்று மட்டும் குறித்து அனுப்பினால் போதும். இங்கே ஒரே ஒரு போன்தான், கீழே மாடிப்படிக்குப் பக்கத்தில், உயிர் போகிற அவசரத்துக்கு மட்டும். எனவே கடிதம்தான்.

உங்கள்
பிசிறு


ஜனவரி 28

நாத்தனார் மகாராணிக்கு,

அண்ணி எழுதுவது. எல்லோரும் நலம். உன் உறை என் கவுண்டருக்கே வந்தது, நானே முத்திரை குத்தி நானே வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இந்தத் தபால் நிலையத்தில் இருபது வருஷமாக ஊர்க் கடிதம் எல்லாம் பிரித்து அடுக்கியவளுக்கு இப்போதுதான் ஒரு உறை அவசரமாகப் பட்டது.

உன் அப்பாவை வைத்துக்கொண்டு கதை படிப்பதைவிட உன் அண்ணனை வைத்துக்கொண்டு கடைவீதிக்குப் போய்விடலாம். மாமா தையல் கடையை மூடி ஆறு வருஷம் ஆகிறது, ஊசி பிடிக்கும்போது விரலில் மாட்டுகிற அந்த இரும்புத் தொப்பியை மட்டும் இன்னும் கழற்றவில்லை. அதை வைத்துக் கட்டில் கம்பியில் ‘டக்’ என்று ஒன்று போட்டாரானால் எனக்குப் பள்ளிக்கூடத்து ஞாபகம் வந்து நிமிர்ந்து உட்காருகிறேன். முதல் அத்தியாயத்தில் மட்டும் பதினொரு தட்டு. எல்லாவற்றுக்கும் பக்கத்தில் பென்சிலால் புள்ளி வைத்திருக்கிறேன்.

“என்ன மாமா, எங்க இடிக்குது?” என்று கேட்டேன். “அந்தம்மா அழுவுறாங்க, சரி. அழுததை மூணு தடவை சொல்லணுமா? துணி மிச்சம் இருக்குன்னு சட்டையில நாலு பாக்கெட் வைப்பாளா உம் பிசிறு?” என்றார். மூன்றாம் அத்தியாயம் முழுக்க ஒரே ஒரு தட்டுதான். “எப்படி மாமா?” என்றேன். “போட்டுக்கலாம்” என்றார். உனக்கு இது பெரிய பரிசாம், உன் அண்ணன் சொன்னார். ஐம்பது வருஷத்தில் எந்தச் சட்டைக்கும் அதற்கு மேலே ஒரு வார்த்தை சொன்னதில்லையாமே.

இருமல் அப்படியேதான் இருக்கிறது. தலையணையை உருவத்தான் செய்கிறார். அந்த வழுக்கைத்தலை கிளிப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.

அண்ணி


பிப்ரவரி 14

அன்புள்ள அண்ணிக்கு,

நலம், நலமறிய ஆவல். ‘போட்டுக்கலாம்’ வந்த அன்று ஒரு வேளைச் சாப்பாடு கூடுதலாக இறங்கியது. நான்கு பாக்கெட்டையும் பிரித்துவிட்டேன். அப்பா சொன்னது சரி, மூலத்தில் அவள் ஒரே ஒரு தடவைதான் அழுகிறாள்.

நான்கு முதல் ஏழு வரை இதில் இருக்கிறது. கடைசி வரிதான் இப்போதே என்னைப் பிடித்துப் பிறாண்டுகிறது. மூலத்தில் இரண்டே சொல். அவள் கேட்டைத் திறக்கிறாள், யாரோ கடந்து போகிறார்கள். யார் என்று இல்லை, பார்த்தாளா என்றும் இல்லை. ஏழு பேரும் அந்த இடத்துக்கு வந்ததும் மேஜையில் பேச்சை நிறுத்திவிடுகிறோம்.

அப்பா எப்படி இருக்கிறார்? அதைப் பற்றி ஒரே வரி எழுதிவிட்டு அடுத்ததற்குத் தாவிவிட்டீர்கள். கொஞ்சம் விவரமாக எழுதுங்கள்.

பிசிறு


மார்ச் 20

அன்புள்ள பிசிறுக்கு,

நலம். பதில் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். வேலை அதிகம். உன் அண்ணனுக்கும் பணிமனையில் பஸ் வரிசை கட்டி நிற்கிறது.

நான்கு முதல் ஏழு வரை படித்தாயிற்று. மாமா கேட்டார். மிகவும் நன்றாக இருக்கிறது என்றார். தட்டு ஒன்றும் பெரிதாக இல்லை. நீ மேலே எழுது.

மாமாவுக்கு இப்போது இருமல் இல்லை.

அண்ணி


மார்ச் 21 (அனுப்பாதது)

பிசிறு,

நேற்று உனக்கு ஒரு கடிதம் போட்டேன். அதில் இருந்த ஒரே உண்மை கடைசி வரிதான்.

மார்ச் மூன்றாம் தேதி. நான் இரண்டு மணிக்கே வேலை முடிந்து வந்துவிட்டேன். தலையணையைச் சாய்த்து வைத்தேன். “இன்னிக்கு எத்தனையாவது?” என்றார். “ஏழாவது மாமா.” “படி.” படித்தேன். அரைப்பக்கம் ஆயிற்று, தட்டு இல்லை. ஒரு பக்கம் ஆயிற்று, தட்டு இல்லை. அடேயப்பா, இந்தப் பெண் ஜெயித்துவிட்டாள் என்று எனக்கே பெருமை வந்துவிட்டது. பக்கத்தைத் திருப்பும்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். எந்த வரியில் போனார் என்று எனக்குத் தெரியாது.

அதற்கு முந்தின வாரமே சொல்லியிருந்தார். “எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா பிசிறுக்குச் சொல்லாதம்மா. கத்தரி வெச்சாச்சு. பாதியில எழுந்து வந்தா அந்தத் துணி வேற எதுக்கும் ஆகாது. முடிச்சுட்டு வரட்டும்.” உன் அண்ணன் அந்த வீட்டு நம்பரில் நாலு எண் சுழற்றினார். பிறகு போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் போனை எடுத்து அலமாரிமேல் வைத்தேன். உன்னை உன் அப்பாவின் முகத்தைப் பார்க்கவிடாமல் செய்த பாவத்தில் எனக்குப் பாதிப் பங்கு உண்டு.

விரல் வீங்கியிருந்தது, இரும்புத் தொப்பியைக் கழற்ற வரவில்லை. அதோடேதான் அனுப்பினோம்.

அண்ணி


ஏப்ரல் 5

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். உங்கள் கடிதம் கிடைத்தது. அப்பா மிகவும் நன்றாக இருக்கிறது என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். சரி.

எட்டு முதல் பன்னிரண்டு வரை அனுப்புகிறேன். ஒரு வேண்டுகோள். நீங்கள் மனசுக்குள் படித்துப் பார்த்து எழுத வேண்டாம். மூன்று மணிக்கு, அதே நாற்காலியில், கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வாய்விட்டுப் படியுங்கள். தட்டு விழுந்தால் விழுந்த இடத்தைக் குறியுங்கள். விழாவிட்டால் விழவில்லை என்று எழுதுங்கள், நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன்.

நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுங்கள். அண்ணனையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிசிறு


ஏப்ரல் 27

அன்புள்ள பிசிறுக்கு,

நலம் என்றுதான் எழுத வேண்டும். எழுதுகிறேன்.

நீ சொன்னபடியே மூன்று மணிக்குப் படித்தேன். எட்டாம் அத்தியாயத்தில் நான்கு தட்டு. ஒன்பதில் ஏழு. பத்தில் ஒன்றுகூட இல்லை. பதினொன்றில் கேட்டுக்காரி காணாமல் போன புருஷனின் கோட்டை எடுத்துப் போட்டுக்கொள்கிற இடம் இருக்கிறதே, அந்த வரியில் இரண்டு தட்டு. ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. “கோட்டின் இடது பக்கத்துப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டாள்” என்று நீ எழுதியிருப்பது எனக்கு நன்றாகத்தான் பட்டது. மூன்று முறை திருப்பிப் படித்தேன். மூன்று முறையும் அங்கே இரண்டு தட்டு.

எல்லாவற்றுக்கும் புள்ளி வைத்திருக்கிறேன். பென்சில் கொஞ்சம் அழுந்திவிட்டது, கண்டுகொள்ளாதே.

அண்ணி


ஏப்ரல் 27, மாலை (அனுப்பாதது)

பிசிறு,

காலிக் கட்டிலுக்குக் கதை படித்தால் ஊர் என்னை என்ன சொல்லும்? ஆனாலும் உட்கார்ந்தேன். நீ கேட்டதைக்கூடச் செய்யாவிட்டால் நான் மனுஷியே இல்லை என்று தோன்றியது. இவர் எங்கே தட்டுவார் என்று குத்துமதிப்பாகக் கண்டுபிடித்துப் புள்ளி வைத்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

நாலாவது வரியில் ‘டக்’ என்றது.

குழாய் சொட்டுகிறது என்று எழுந்து போய்ப் பார்த்தேன். சமையலறையில் சொட்டு இல்லை. திரும்ப வந்து அதே வரியைப் படித்தேன். அதே இடத்தில் ‘டக்’. கம்பியில்தான். இரும்பு இரும்பில் படுகிற சத்தம் எனக்குத் தெரியாதா? நாள் பூராவும் முத்திரை குத்துகிறவள் நான்.

ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. ஏனென்று கேட்டால், நான் நிறுத்தியதும் அறையே காத்துக்கொண்டிருந்தது. பெரியவர் கேட்டுக்கொண்டிருக்கும்போது பாதியில் எழுந்து போகிற பழக்கம் எனக்கு இல்லை. அடுத்த வரியிலிருந்து படித்தேன்.

கோட்டு வரிக்கு வந்தபோது உன் அண்ணன் கையில் கிரீஸோடு வாசல்படியில் நின்றிருந்தார். இரண்டு தட்டு விழுந்ததும், “என்னப்பா?” என்றார். கூப்பிட்டவருக்குப் பதில் சொல்கிற மாதிரி, சாதாரணமாக. அப்புறம்தான் அவருக்கே உறைத்தது. போய்க் கை கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார்.

கட்டில் கம்பியைப் பார்த்தேன். தலைமாட்டுக்குப் பக்கத்தில், அவர் எப்போதும் தட்டும் இடத்தில், பெயிண்ட் புதிதாக உதிர்ந்திருந்தது. தரையில் பச்சைத் துகள்கள் கிடந்தன. காலையில்தான் பெருக்கியிருந்தேன்.

அண்ணி


மே 14

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். கோட்டு வரியைத் திருத்திவிட்டேன். உங்களுக்கும் அப்பாவுக்கும் என் நன்றி.

மீதி எல்லாம் இதில் இருக்கிறது, கடைசி வரி உட்பட. ‘அவள் கேட்டைத் திறந்துவிட்டாள், கண்ணுக்குத் தெரியாத யாரோ ஒருவர் மெதுவாக அதைக் கடந்து சென்றார்’ என்று வைத்திருக்கிறேன். எனக்கு நிம்மதியாக இல்லை. மற்ற ஆறு பேரும் முடித்துவிட்டார்கள். கிளிப்பிள்ளை எனக்காகக் கீழே வந்து காத்திருக்கிறார், தினமும் “ஆச்சா?” என்று கேட்கிறார். அந்த ஒரு சொல்லை அவருக்கு நான்தான் கற்றுக்கொடுத்தேன், வேறு எதுவும் கற்றுக்கொடுக்கவில்லை. அவ்வளவு பேச்சு இப்போது என்னிடம் இல்லை.

படிக்க உட்காருவதற்கு முன்னால் தலையணையை உயர்த்தி வையுங்கள் அண்ணி. அப்பாவுக்குக் கழுத்து வலிக்கும்.

நீங்கள் தூங்குகிறீர்களா? அதையாவது மறைக்காமல் எழுதுங்கள்.

பிசிறு


ஜூன் 8

அன்புள்ள பிசிறுக்கு,

தூங்குகிறேன். கொஞ்சம் இளைத்திருக்கிறேன், தபால் நிலையத்தில் எல்லோரும் டயட்டா என்கிறார்கள்.

எல்லாம் படித்து முடித்தேன். தலையணை உயர்த்தி வைத்தேன். தட்டுகளை எல்லாம் குறித்திருக்கிறேன், போகப் போகக் குறைந்துவிட்டன. கடைசி வரியில் மட்டும் இரண்டு தட்டு. ஐந்து நாள் தொடர்ந்து படித்தேன், ஐந்து நாளும் இரண்டு. நேற்று எனக்கே ஆத்திரம் வந்து, “என்னதான் வேணும் உங்களுக்கு? வாயைத் திறந்து சொல்லுங்களேன்!” என்று கத்திவிட்டேன். பதில் ஏதாவது வந்துவிடுமோ என்று பயந்து வாசலில் போய் நின்றேன்.

இன்று படித்தபோது ஒன்றுமே இல்லை. மற்ற நாள் மாதிரி இல்லை, அறை வெறும் அறையாக இருந்தது. மாமா இனி இங்கே கேட்கமாட்டார் என்று தோன்றுகிறது. அந்த வரியை நீயேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நீ வந்ததும் உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். சொன்ன பிறகு நீ என்னோடு பேசாமல் போனாலும் எனக்குச் சம்மதம்.

அண்ணி


ஜூலை 1

அன்புள்ள அண்ணிக்கு,

சொல்ல வேண்டாம். எனக்குத் தெரியும்.

மார்ச்சில் நீங்கள் எழுதிய கடிதத்தைப் பிரித்து ‘மிகவும் நன்றாக இருக்கிறது’ என்று படித்தேன் பாருங்கள், அப்போதே தெரிந்துவிட்டது. அப்பா சாகாமல் அப்படி ஒரு வார்த்தை அவர் பெயரில் வெளியே வராது. மாடிப்படிக்குக் கீழே அந்தப் போன் பக்கத்தில் மூன்று தடவை போய் நின்றேன். எடுக்கவில்லை. எடுத்தால் நீங்கள் ‘ஆமாம்’ என்று சொல்லிவிடுவீர்கள். சொல்லிவிட்டால் நான் கிளம்ப வேண்டும். முதலில் புத்தகத்துக்காகத்தான் இருந்தேன் அண்ணி, பொய் சொல்ல மாட்டேன். செத்த அப்பாவை விட்டுவிட்டு ஒரு புத்தகத்தைப் பிடித்துக்கொண்டவள் நான். என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது. நீங்கள் என்னிடம் மறைத்தீர்கள், நான் தெரிந்ததை உங்களிடம் மறைத்தேன். இதில் யார் யாரை மன்னிப்பது?

ஆனாலும் வாய்விட்டுப் படியுங்கள் என்று எழுதினேன். ஏன் எழுதினேன் என்று கேட்காதீர்கள். அதோடு ஒரு காரியம் செய்தேன். அந்தக் கோட்டுப் பொத்தான் நான் வேண்டுமென்றே செய்த தப்பு. ஆண்கள் கோட்டில் பொத்தான் வலது பக்கம் இருக்கும். மூலத்திலும் அப்படித்தான். ஊசியில் நூல் கோர்க்கவே ஆள் தேடுகிற உங்களுக்கு அது தெரியாது. அண்ணன் தன் சட்டைப் பொத்தானையே பார்த்துப் போட்டதில்லை. நம் வீட்டில் அது தெரிந்தவர் ஒருவர்தான்.

‘இரண்டு தட்டு’ என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது பட்டப்பகல், ஜன்னல் எல்லாம் திறந்திருந்தது. எழுந்து போய்ச் சுவரோடு ஒட்டி நின்றேன். பயம்தான் அண்ணி, சந்தோஷம் என்று சொல்ல முடியாது. அதற்குப் பிறகு என்னால் கிளம்பவே முடியவில்லை. அவர் கேட்டுக்கொண்டிருக்கும்போது நான் எப்படி நிறுத்துவது?

முந்தாநாள் மூன்று மணிக்கு விழா. மண்டபத்தில் உட்கார இடம் இல்லை. ஒரு சொல்லும் புரியாத மொழிக்காக இவ்வளவு பேர் நல்ல துணி உடுத்திக்கொண்டு வந்திருந்தார்கள். மேடையில் நாங்கள் ஏழு பேரும் ஒரே வரிசையில். எங்களுக்குப் பின்னால் வெறும் திரையும், மடக்கி வைத்த இரும்பு நாற்காலிகளும். நான்தான் கடைசி.

கடைசிப் பக்கத்தை ஒழுங்காகத்தான் படித்தேன். கடைசி வரியைப் படித்து முடித்ததும் என் பின்னாலிருந்து இரும்பில் இரண்டு தட்டு. ஜனங்கள் நாற்காலி சரிந்தது என்று நினைத்திருப்பார்கள். நான் திரும்பவில்லை. கையிலிருந்த தாளை மடித்தேன். நான் யாரைப் போகவிடாமல் மூன்று மாதமாகப் பிடித்து வைத்திருந்தேன் என்று அப்போதுதான் புரிந்தது. மெதுவாக, கண்ணுக்குத் தெரியாத, யாரோ ஒருவர் என்று அத்தனை துணியையும் நான் சுற்றி வைத்திருந்தேன். எல்லாவற்றையும் கத்தரித்துவிட்டு இன்னொரு தடவை சொன்னேன்.

“திறந்தாள். போனார்.”

குரல் உடைந்துவிட்டது. தட்டு இல்லை. எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு அழுகை வந்தது. ஒரே ஒரு தடவைதான் அழுதேன், அப்பா கணக்குப்படி.

கீழே இறங்கியதும் கிளிப்பிள்ளை என் கையைப் பிடித்துக் குலுக்கினார். “நீ முடித்ததும் நமக்குப் பின்னால் ஒரு பெரியவர் ஒரு சொல் சொன்னாரே, உன் மொழிதான். அதற்கு என்ன அர்த்தம்?” என்றார். எங்களுக்குப் பின்னால் யாரும் இல்லை. “என்ன சொல்?” என்று கேட்டேன். அவர் கண்ணை மூடி, காதில் விழுந்ததை அப்படியே, ஒவ்வொரு எழுத்தாக எடுத்து வைத்தார்.

“போட் டுக் கலாம்.”

இந்த மாதக் கடைசிச் சனிக்கிழமை வருகிறேன். அண்ணனை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லுங்கள். அனுப்பாமல் எழுதி வைத்த கடிதங்கள் உங்களிடம் இருக்கும், எனக்குத் தெரியும், கிழித்துவிடாதீர்கள். இரண்டு பேரும் உட்கார்ந்து வாய்விட்டுப் படித்துவிட்டு, அதற்குப் பிறகு கட்டிலை மடிக்கலாம்.

உங்கள்
பிசிறு